கணினிக்கு வீட்டில் எந்த இடம்?



ஒரு காலத்தில் நம் தோட்டத்து வீடுகளில் விலையுயர்ந்த பொருள் என்றால் அது வானொலிப் பெட்டியாக இருக்கும். அல்லது தையல் இயந்திரமாக இருக்கும். தையல் இயந்திரத்திற்கு மாதந்தவறாமல் எண்ணெய் விட்டோம். வானொலிப் பெட்டிக்குப் பூவேலை செய்த துணியால் உறை போட்டோம். இன்று அந்த வரிசையில் மேசைக் கணினியும் வந்து சேர்ந்திருக்கிறது. 2020 மார்ச் 18-ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க வேண்டிய நிலை வந்தபோது, கணினி உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் கண்ணாலேயே கண்டோம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பிறர் பயன்படுத்திய கணினியையாவது வாங்கிப் போட வேண்டும் என்று நினைக்கும் பெற்றோருக்காகவே இன்றைய பேச்சு.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தகரக் கூரை, முன்னால் ஒரு வரவேற்பறை, பின்னால் சமையற்கட்டு. தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுகிறார். தாயார் உரம் போடும் வேலைக்குப் போகிறார். மகள் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கிறாள். கணினி வந்ததும், 'நல்ல பொருள், நல்ல இடத்தில் இருக்கட்டும்' என்று அதைச் சாமி மேடைக்குக் கீழே வைத்தார்கள். சில மாதங்கள் போயின. மத்தியான வேளைகளில் கணினி தானாகவே அணையத் தொடங்கியது. மகள் எழுதிக்கொண்டிருந்த பாடம் பாதியில் மறைந்தது. 'பழைய சாமானைத் தலையில் கட்டிவிட்டான்' என்று கடைக்காரரைத் திட்டினார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால், ஊதுபத்திச் சாம்பலும் சாம்பிராணிப் புகையும் சமையல் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து, உள்விசிறியின்மேல் கம்பளிபோல் படிந்திருக்கிறது! குற்றம் கடைக்காரர் மேல் இல்லை. கணினியின் மேலும் இல்லை. வைத்த இடத்தில்தான் குற்றம்.

ஏன் அப்படி? கணினியின் மூளை, தபால்தலை அளவேயான ஒரு சிறு சில்லு. அது வேலை செய்யும்போது ஒரு மின்விளக்கைப்போல் சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற அதன்மேல் உலோகத் தகடுகளும் ஒரு சிறு விசிறியும் இருக்கின்றன. பெட்டியின் ஒரு பக்கம் காற்று உள்ளே போகிறது. மறுபக்கம் சூடாக வெளியே வருகிறது. இதுதான் கணினியின் மூச்சு. காற்றோடு தூசியும் போய் அடைத்துக்கொண்டால் மூச்சுத் திணறுகிறது. சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் சூடு அடங்காவிட்டால் அணைந்துவிடும். ஆகவே, தானாக அணைவதை உடனே கெட்டுப்போனதாக எண்ணிவிடக் கூடாது. முதலில் தூசியைப் பார்க்க வேண்டும்.

சரி, எங்கே வைக்கலாம்? சமையற்கட்டையும் சாமி மேடையையும் விட்டு விலகியிருக்கும் வரவேற்பறைச் சுவரே நல்லது. கொசுவர்த்திச் சுருளையும் அதன் பக்கத்தில் ஏற்றக் கூடாது. சுவரை ஒட்டித் தள்ளிவிடாமல், பெட்டியின் பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். தகரக் கூரை வீட்டில் பிற்பகல் வெயில் எந்தச் சுவரைச் சுடுகிறது என்பது நமக்குத் தெரியும். அந்தச் சுவர் வேண்டாம். மூடிய அலமாரிக்குள்ளும் வேண்டாம்.

அடுத்தது ஈரம். நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் நூற்றுக்கு 70 முதல் 90 வரை இருக்கிறது. கணினி பல வாரம் சும்மா கிடந்தால் உள்ளே துருவும் பூஞ்சையும் பிடிக்கலாம். மழை மாதங்களில், பயன்படுத்தாவிட்டாலும் வாரத்திற்கு இரண்டு முறை சிறிது நேரம் ஓட விடுங்கள். அதன் சூடே ஈரத்தை விரட்டும். பெட்டியைச் சிமெண்டுத் தரையில் வைக்காதீர்கள். தரை கழுவும் தண்ணீரும், கூட்டும்போது எழும் தூசியும் முதலில் அங்கேதான் போகும். இரண்டு செங்கல்லின்மேல் ஒரு பலகை போட்டால் போதும். வேலைக்குப் போட்ட சட்டையில் உரத்தூள் ஒட்டியிருக்கும். அதை உதறுவதும், குழந்தைக்குப் பவுடர் போடுவதும் வேறு இடத்தில் நடக்கட்டும்.

திரைக்கும் இடம் பார்க்க வேண்டும். சன்னல் பக்கவாட்டில் இருந்தால் கண் கூசாது. திரை கண்ணிலிருந்து ஒரு கை நீளத் தொலைவிலும், அதன் மேல்விளிம்பு கண் மட்டத்திலும் இருப்பது நல்லது. இன்னொன்று. பிள்ளைகளின் கணினியைக் கதவு சாத்தும் அறைக்குள் வைக்க வேண்டாம். வரவேற்பறையில் இருந்தால், நமக்குக் கணினி தெரியாவிட்டாலும், பிள்ளை படிக்கிறதா விளையாடுகிறதா என்பது போகிற வருகிற பெரியவர்கள் கண்ணில் படும்.

இப்போது இடி மின்னலைப் பற்றி. மலேசியா இடி மின்னல் மிகுந்த நாடு. வானம் கறுக்கும்போதே கணினியை முறைப்படி நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். இணையக் கம்பியையும் கழற்ற வேண்டும். மின்னல் அதன் வழியாகவும் வரும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு கம்பியைத் தொடப் போகாதீர்கள். கணினி போனால் இன்னொன்று வாங்கலாம், உயிர் அப்படியல்ல. மூன்று முள் பிளக்கின் நடு முள்ளே நிலக்கம்பிக்கு உரியது. அதை வெட்டியோ மாற்றியோ பயன்படுத்தக் கூடாது. ஒரு 13 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறக்குறைய 3,000 வாட்தான். ஆகையால் கணினி செருகிய நீட்டிப்புக் கம்பியிலேயே இஸ்திரிப்பெட்டியையும் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலையும் செருகாதீர்கள்.

இனித் துப்புரவு. வாரத்திற்கு ஒருமுறை வெளிப்புறத்தையும், மூன்று மாதத்திற்கு ஒருமுறை உட்புறத்தையும் பார்த்தால் போதும். கணினியை நிறுத்தி, எல்லாக் கம்பிகளையும் கழற்றி, தொடக்கப் பொத்தானை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிஞ்சியிருக்கும் மின்சாரம் பெரும்பாலும் வடிந்துவிடும். சூடு ஆறியதும் பெட்டியை அஞ்சடிக்குக் கொண்டுபோய், பக்கத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றுங்கள். கழற்றிய திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொடுங்கள். பிறகு, புதிய, உலர்ந்த, மென்மையான வண்ணத் தூரிகையால் தூசியை வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். விசிறியைத் துடைக்கும்போது அது சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படும், ஊதாதீர்கள். ஈரத் துணியை உள்ளே கொண்டுபோகவே கூடாது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. மின்கம்பி வந்து சேரும் பவர் சப்ளை என்னும் இரும்புப் பெட்டியை மட்டும் நாம் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். அதன் காற்றுத் துளைகளை வெளியிலிருந்து தூரிகையால் தட்டிவிட்டால் போதும்.

திரைக்கு, துவைத்துத் துவைத்து மென்மையான பழைய பருத்தி வேட்டித் துண்டு நல்லது. கறை இருந்தால் அதே துணியைச் சுத்தமான தண்ணீரில் நனைத்து, இறுகப் பிழிந்து துடையுங்கள். திரையின்மேல் நேராக எதையும் தெளிக்காதீர்கள். கண்ணாடி துடைக்கும் மருந்தும் வேண்டாம். விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டுங்கள். முறுக்குத் துணுக்கும் பிஸ்கட் தூளும் எத்தனை விழுகின்றன என்று பாருங்கள்! அவற்றைத் தேடி எறும்பு வரும். எறும்பைத் தேடிப் பல்லி வரும். பல்லி உள்ளே மாட்டிக்கொண்டால் மின்கசிவே உண்டாகும். ஆகவே, கணினி மேசையில் பலகாரமும் தேநீரும் வேண்டாம். வேலை முடிந்து சூடு ஆறிய பிறகு ஒரு பருத்தித் துணியால் மூடுங்கள். ஓடும்போது மூடக் கூடாது.

நாம் எடுத்துக்கொண்ட அந்த வீட்டுக்கே திரும்புவோம். கணினியைச் சாமி மேடையை விட்டு எதிர்ச் சுவருக்கு மாற்ற அரை மணி நேரம். தூரிகைக்குச் சில வெள்ளி. அவ்வளவுதான் செலவு. மகள் பெட்டியைத் துடைக்கட்டும். தகப்பனாரும் தாயாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். குலை வெட்டியும் உரம் சுமந்தும் சேர்த்த பணம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது; அந்தப் பிள்ளையின் தேர்வும் அதற்குள் இருக்கிறது. அதன் மூச்சு அடைபடாமல் பார்த்துக்கொள்வோம்.