சிறு மீன் தொட்டிகளின் அளவு

கொள்ளேகால், 1956 நவம்பர் முதல் நாளில் மைசூர் ராஜ்யத்தில் சேரும்வரை கோயமுத்தூர் ஜில்லாவைச் சார்ந்திருந்த ஊர். இன்று சாமராஜநகர் ஜில்லாவில் உள்ளது. அங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை மீன் தொட்டி வாங்கப் போனால் மொழி இடையூறாவதில்லை. மீன், தொட்டி, அடி ஆகிய மூன்று சொற்களும், ஈறு சிறிது திரிந்தாலும், கன்னடத்துக்கும் தமிழுக்கும் பொதுவானவை. இடையூறு அளவில்தான் இருக்கிறது.

மேல்நாட்டு ஆர்வலர்கள் சிறு தொட்டியை 'நானோ' என்றும், அதனினும் சிறியதைப் 'பிக்கோ' என்றும் வழங்குகிறார்கள். நானோ, குள்ளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஏறக்குறைய 20 லிட்டருக்குக் குறைந்தது பிக்கோ, அதற்கு மேல் 70, 80 லிட்டர்வரை நானோ என்பது பலர் கொள்ளும் வரம்பு. சிலர் 40-லேயே நிறுத்திவிடுவர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்குக் குறுந்தொட்டி, சிறுதொட்டி என்ற சொற்களே போதுமென்று தோன்றுகிறது.

நம் கடைகளில் அடிக்கணக்கே வழக்கம். ஒரு கன அடி நீர் சுமார் 28 லிட்டர். ஆகவே நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடியான தொட்டி, சிறுதொட்டி. மூன்றையும் பாதியாக்கி அரையடித் தொட்டி வாங்குவோர் நீரும் பாதியாகும் என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் எட்டில் ஒரு பங்காகிய மூன்றரை லிட்டரே கொள்ளும். மணலும் கல்லும் இட்டால் அதுவும் குறையும்.

இந்த வித்தியாசத்தில்தான் மீனின் உயிர் இருக்கிறது. கழிவிலிருந்தும் தின்னாது விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. கல்லிலும் வடிகட்டியிலும் படியும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்னர் நஞ்சு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருகச் சில வாரங்களாகும். அதற்குள் தீனி சற்று மிகுந்தால், 56 லிட்டர் கொண்ட இரண்டடித் தொட்டி ஓரளவு தாங்கும். மூன்றரை லிட்டர் தாங்காது. வெயிலிலும் அது விரைவில் சூடேறும். ஆதலின், புதிதாகத் தொடங்குவோருக்குச் சிறியதே போதும் என்ற எண்ணம் தலைகீழானது. செத்து மிதக்கும் மீனைக் கண்டு அழும் குழந்தையிடம் 'உன் கை ராசி அப்படி' என்பது அநியாயம்.

காவிரிப் பகுதிக்கே உரிய கெண்டை வகையொன்றை 1849-இல் ஜெர்டன் என்பவர் விவரித்தார். டாக்கின்சியா அருலியஸ் என்பது அதன் இன்றைய பெயர். கூட்டமாக வாழ்வது, சுமார் 12 சென்டிமீட்டர் வளர்வது. விரலளவுக் குஞ்சைப் பார்த்து மயங்கி ஓரடித் தொட்டியில் விடலாகாது; நான்கடி வேண்டும். ஓரடிக்கு ஒற்றைப் பெட்டா மீன் தகும். தங்க மீன் தகாது.

வாடகை வீட்டிலிருப்போருக்கு ஒரு வார்த்தை. இரண்டடித் தொட்டியின் நீர் மட்டுமே 56 கிலோ. சுவர்ப் பலகையை நம்பாமல் உறுதியான மேசை மேல் வையுங்கள். மாற்றலாகி ஊர் விட்டுப் போகையில் வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் அலசிவிடாமல், தொட்டி நீரிலேயே நனைத்து எடுத்துச் செல்லுங்கள். அதில் உயிரோடிருக்கும் நுண்ணுயிர்கள் புதிய ஊரில் தம் வேலையைத் தொடங்கிவிடும்.