கடல் கடந்து கற்றல்

(நம் சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்கு இடப்பட்ட பொருள், அயல்நாடு சென்று முதுநிலைப் பட்டம் பயிலுதல் என்பது. தமிழாசிரியராகிய எமக்கும் இப்பொருட்கும் இயைபென்னை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். இயைபு உண்டு. பள்ளியில் எம்மிடம் பயின்ற பிள்ளைகள் பொறியியலிலோ அறிவியலிலோ இளநிலைப் பட்டம் பெற்ற பின்னர்ப் பெற்றோருடன் எம் இல்லம் போந்து, "ஐயா, வெளிநாடு சென்று மேலே படிக்கலாமா?" என்று வினவுதல் இப்பொழுது ஆண்டுதோறும் நிகழ்வதாயிற்று. அவர்க்குத் தனித்தனியே கூறி வந்தவற்றையே இங்குத் தொகுத்துக் கூறுவாம்.

கல்வியின் பொருட்டுப் பிரிதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியனார் ஓதற்பிரிவைப் பிரிவுகளுள் ஒன்றாக வைத்தார். அப்பிரிவு மூன்றாண்டினைக் கடவாது என்று எல்லையும் வகுத்தார். கடல் வழிச் செல்லுங்கால் மகளிரை உடன்கொண்டு செல்லுதல் இல்லை எனவும் அந்நூல் கூறும். அஃது அக்காலத்து வழக்கு. இக்காலத்து நம் பெண்மக்கள் தாமே கடல் கடந்து சென்று பட்டம் பெற்று வருகின்றனர். அதனைக் கண்டு மகிழ்கின்றோம். வழக்கு மாறினும் மூன்றாண்டு என்னும் எல்லையின் கருத்து மாறவில்லை. ஓதற்குப் பிரிந்தோர் ஓதுதலை முடித்தல் வேண்டும் என்பதே அதன் உட்கிடை.

இடைக்காலத்தே கடல் கடத்தல் குற்றமாகக் கருதப்பட்டது. 1888-ஆம் ஆண்டு காந்தியடிகள் சட்டம் பயில இலண்டனுக்குப் புறப்பட்டபொழுது, பம்பாயிலிருந்த அவர்தம் சாதித் தலைவர்கள் கூடி அவரைச் சாதியினின்றும் விலக்கினர். இன்றோ சாதிச் சங்கங்கள் புறப்படுவோர்க்கு மாலையிட்டுப் பொன்னாடை போர்த்துகின்றன. காலம் நன்கு மாறிற்று. ஆயினும் அன்று தடுத்தவரும் இன்று போற்றுவோரும் ஒரு வினாவை ஒருங்கே மறந்தனர். "நீ என்ன கற்கப் போகின்றாய்? அதனைக் கற்பதற்கு உனக்கு எத்துணைப் பொழுது கிடைக்கும்?" என்பதே அவ்வினா. எமது உரை முழுதும் இவ்வொரு வினாவைப் பற்றியதேயாம்.

நாடுகள் பல, அனைத்தையும் பேசப் பொழுது போதாது. ஆகலின் ஜெர்மனி ஒன்றனை மட்டும் எடுத்துக்கொள்வாம். 2022-23 குளிர்காலப் பருவத்தில் அந்நாட்டிற் பயிலும் அயல்நாட்டு மாணவருள் இந்தியர் சீனரை விஞ்சி முதலிடம் பெற்றனர். அவர்களை அங்கு ஈர்ப்பது யாது? அரசுப் பல்கலைக் கழகங்களிற் பெரும்பாலனவற்றில் கற்பிப்புக் கட்டணம் இல்லை என்பதே. பருவந்தோறும் செலுத்தும் சிறு தொகை மட்டும் உண்டு. ஆயின் எங்கும் இவ்வாறே என்று கொள்ளற்க. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்திற்குப் புறம்பான நாட்டு மாணவர்க்கு 2017 குளிர்காலப் பருவம் முதல் பருவத்திற்கு 1,500 யூரோ கட்டணம் விதிக்கப்பட்டது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக் கழகமும் 2024-இல் அத்தகையோரிடம் கட்டணம் பெறத் தொடங்கிற்று. ஆதலின், "ஜெர்மனியில் எல்லாம் இலவசம்" என்று ஒருவர் உரைப்பின், எந்த மாநிலம், எந்தக் கழகம் என்று கேட்டறிதல் வேண்டும்.

கட்டணம் இல்லையெனினும் உண்டி, உறையுள், காப்புறுதி ஆகியன உளவன்றோ? ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பொருளை முன்னரே ஒரு முடக்கக் கணக்கில் இட்டுக் காட்டுமாறு அந்நாட்டார் கேட்பர். அத்தொகை 2024 செப்டம்பரில் 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. மாதம் 992 யூரோ என்பது அதன் கணக்கு. ஒரு யூரோவை நூறு ரூபாயென்று கொள்ளின் ஏறத்தாழப் பன்னிரண்டு இலட்சம் ஆகும். இஃது எவர்க்கும் கொடுத்துத் தீரும் பணமன்று. மாணவரே திங்கள்தோறும் எடுத்து உண்ணும் பணம். ஆயினும் பெருநகரங்களிற் குடிக்கூலி மிகுதலின், இத்தொகை முட்டின்றி நடத்தப் போதுமென்று துணிதல் அரிது. மேலும் இஃது ஓராண்டிற்கே உரியது, படிப்போ ஈராண்டு.

"இரண்டாம் ஆண்டிற்குப் பகுதிநேர வேலை செய்து சம்பாதித்துக்கொள்வேன்" என்று பிள்ளைகள் மொழிவர். பெற்றோரும் அதனை நம்பி மனம் அமைவர். இங்கேதான் யாம் முன்னர்க் கூறிய வினா எழுகின்றது. சட்டம் இடந்தருவது உண்மையே. 2024 மார்ச்சு முதல் ஓராண்டில் 140 முழு நாளோ 280 அரை நாளோ மாணவர் வேலை செய்யலாம். அரை நாளென்பது நான்கு மணி நேரம். எனவே 280 அரை நாளுக்கு 1,120 மணி நேரம் ஆயிற்று. இனிக் கல்வியின் கணக்கைப் பாருங்கள். ஈராண்டு முதுநிலைப் படிப்பிற்கு 120 கல்வி அலகு, ஆண்டிற்கு 60. ஓர் அலகிற்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது அந்நாட்டு அளவை. வகுப்பிற் கேட்டலும், தனியே படித்தலும், தேர்வுக்கு ஆயத்தமாதலும் அதனுள் அடங்கும். முப்பது மணியென்று வைப்பின் ஆண்டிற்கு 1,800 மணி நேரம். இரண்டனையும் கூட்டின் 2,920. ஆண்டின் 365 நாளுக்கும் பகுத்தால், நாள் ஒன்றுக்குச் சரியாக எட்டு மணி நேரம். ஞாயிறு இல்லை, பொங்கல் இல்லை, காய்ச்சல் வந்து படுத்தலும் இல்லை. சமையலும், துணி துவைத்தலும், பேருந்திற் செல்லுதலும் இவ்வெட்டு மணிக்குப் புறம்பானவை.

இக்கணக்கை அச்சுறுத்துதற்பொருட்டு யாம் கூறவில்லை. அளவாக வேலை செய்து உணவுச் செலவில் ஒரு பகுதியை ஈட்டிக்கொள்வோர் பலர், அது நன்றே. தாம் கற்கும் துறையிலேயே பேராசிரியர்க்குத் துணையாகப் பணி கிடைப்பின் அதனினும் நன்று, அவ்வேலையே கல்வியாகும். ஆனால் ஊரிலுள்ள கடனுக்கு வட்டி அனுப்புதற்பொருட்டு இரவெல்லாம் பண்டகசாலையிற் பெட்டி சுமக்கும் பிள்ளை, காலையில் வகுப்பில் எங்ஙனம் விழித்திருப்பான்? அவன் செலவிடுவது உறக்கத்தை மட்டுமன்று. எதன்பொருட்டுக் கடல் கடந்தானோ அக்கல்வியையே செலவிடுகின்றான்.

தேர்வு முறையும் நம் நாட்டினின்று வேறுபட்டது. அங்கு 1.0 என்பது முதன்மை மதிப்பு, 4.0 தேர்ச்சியின் எல்லை, 5.0 தோல்வி. மகன் 1.3 பெற்றான் என்று கேட்டு வருந்திய தந்தையரையும் யாம் கண்டதுண்டு. இங்குப்போல் நிலுவைப் பாடத்தை எத்துணை முறையும் எழுதித் தேறலாம் என்பதும் அங்கில்லை. பெரும்பாலும் மூன்று முறையே வாய்ப்பு. கட்டாயப் பாடமொன்றில் மூன்றாம் முறையும் தவறின் அப்படிப்பினின்றே நீக்கப்படலாம். இதனைப் புறப்படுமுன் அறிந்தோர் எத்துணையர்?

இனி மொழியைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்திலேயே நடக்கும் முதுநிலைப் படிப்புகள் அங்குப் பல உள. அதனால் ஜெர்மன் மொழி வேண்டா என்று நினைப்பது பிழை. 1706-ஆம் ஆண்டு அந்நாட்டினின்று சீகன்பால்கு என்பார் நம் தரங்கம்பாடிக்கு வந்தார். வந்தவர் ஊர்ப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார் என்பது வரலாறு. சில ஆண்டுகளில் தமிழில் நூல்களை அச்சிடும் அளவிற்குத் தேர்ந்தார். அவர் நம் மண்ணிற் செய்ததனை நம் பிள்ளைகள் அவர் மண்ணிற் செய்தல் முறையன்றோ? கடைக்காரரும், வீட்டுக்காரரும், மருத்துவமனைச் செவிலியும், பிற்றைநாள் வேலை தருவோரும் பேசுவது ஜெர்மனே. பட்டம் பெற்ற பின் வேலை தேடுதற்குப் பதினெட்டுத் திங்கள் அங்குத் தங்க இடமுண்டு. அந்தப் பதினெட்டுத் திங்களில் எழுத்துக் கூட்டத் தொடங்குவோர்க்கு அக்காலம் போதாது. புறப்படுமுன் இங்கேயே ஓராண்டு பயிலுக.

இடைத்தரகரைக் குறித்தும் எச்சரித்தல் எம் கடன். தரகர் பலர்க்கு ஊதியம் தருவன மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் தனியார் கல்லூரிகளே. ஆகலின் கட்டணமில்லாத அரசுக் கழகத்தை அவர் முதலிற் கூறுவார் என எதிர்பார்த்தல் பேதைமை. பல்கலைக் கழகத்திற்கு மாணவரே நேரில் விண்ணப்பிக்கலாம். பல கழகங்கள் பெர்லினிலுள்ள 'யூனி-அசிஸ்ட்' என்னும் பொது அமைப்பின் வழியாக விண்ணப்பம் பெறும். இந்தியச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்று 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவிற்குப் பெரும்பாலோர்க்கும் வேண்டப்படுவதாயிற்று. இவையெல்லாம் ஒரு பட்டதாரி தானே படித்துச் செய்யத் தக்கனவே. தன் விண்ணப்பத்தைத் தானே எழுத இயலாதவர், அங்கே தன் ஆய்வேட்டை எங்ஙனம் எழுதுவார்?

இனி, நம்மைப் பற்றிச் சிறிது பேசுவாம். வங்கிக் கடன் ஒன்று. அதனினும் பெரியது ஊரார் மதிப்பு என்னும் கடன். பிள்ளை விமானம் ஏறுமுன்னரே சுவரொட்டி ஒட்டுகின்றோம், விருந்து வைக்கின்றோம், "இவன் வந்துதான் குடும்பத்தை நிமிர்த்த வேண்டும்" என்று அவன் செவிபடப் பேசுகின்றோம். பின்பு அவன் ஒரு பாடத்தில் தவறினால் வீட்டிற்குச் சொல்ல அஞ்சுகின்றான். பணம் முடிந்தால் கேட்க நாணுகின்றான். உடல் நலிந்தால் மறைக்கின்றான். பெண்மக்கள் நிலை இதனினும் கடிது. "மணத்திற்கு வைத்த பொன்னைப் படிப்பிற்குக் கொடுத்தோமே" என்னும் சொல்லையும் அவர் சுமந்து செல்கின்றனர்.

அறிஞர் அம்பேத்கர் பரோடா மன்னர் அளித்த மூன்றாண்டு உதவித்தொகையைக் கொண்டு 1913-இல் அமெரிக்கா சென்றார். 1915-இல் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டனிற் பயின்றுகொண்டிருந்தபொழுது, உதவிக்காலம் முடிந்தமையால் 1917-இற் படிப்பை இடையே நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. பம்பாயிற் பேராசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்து 1920-இல் மீண்டுஞ் சென்று, 1923-இல் இலண்டனிற் பெரும்பட்டம் பெற்றார். 1917-இல் திரும்பிய அவரைத் தோற்றவர் என்று இன்று எவரேனும் கூறுவரோ? பட்டமின்றித் திரும்பும் பிள்ளையையும் நாம் அக்கண்கொண்டு நோக்குதல் வேண்டும்.

ஆகவே இப்பேரவையின் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றோம். ஒன்று: புறப்படும் நாளில் ஒரே முறையாக வழங்கும் உதவித் தொகையை இருகூறாக்குக, ஒரு கூற்றைப் புறப்படுமுன் மொழி கற்றற்கும் விண்ணப்பச் செலவிற்கும் தருக, மற்றொரு கூற்றை இரண்டாம் ஆண்டிற் பணமுடை மிகும்பொழுது தருக. இரண்டு: அயல்நாடுகளிற் பயின்று வரும் நம் பிள்ளைகளின் உண்மைச் செலவுக் கணக்கைப் பெயரின்றித் தொகுத்து இப்பத்திரிகையில் ஆண்டுதோறும் வெளியிடுக, தரகர் சொல்லினும் அது நம் பெற்றோர்க்குப் பயன்படும். மூன்று: பொன்னாடையைப் பட்டம் பெற்ற பின்னர்ப் போர்த்துக, புறப்படும் நாளில், "இடர் வந்தால் எங்களுக்கு எழுது" என்னும் ஒரு சொல்லே போதும்.

மாணவச் செல்வர்களே! செல்லுங்கள், யாம் தடுப்போமல்லேம். செல்லுமுன் ஒரு தாளை எடுத்து, ஒருபுறம் பணத்தையும் மறுபுறம் பொழுதையும் எழுதிக் கணக்கிடுங்கள். பணம் குறைந்தால் கேட்டுப் பெறலாம். பொழுது குறைந்தால் தருவார் எவருமிலர். அக்கணக்கு நேராக வந்தால், மனங்கலங்காது புறப்படுங்கள்.