கல்லாவுக்கு முன் ஒரு வரைபடம்

பினாங்கில் நாசி கண்டார் தெரியாதவர் உண்டா? தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடிபோல் சோறும் கறியும் சுமந்து விற்றது அந்தக் காலம். இன்று கல்லாவில் கணினி.

அந்தக் கணினிக்கு மென்பொருள் எழுதும் இளைஞர் நேராக நிரலில் கை வைக்கக் கூடாது. முதலில் 'கிளாஸ் டயகிராம்' வரைய வேண்டும். கிளாஸ் என்றால் அச்சு. கோழிக்கறி, மீன்கறி எல்லாம் 'கறி' என்ற ஓர் அச்சில் வார்த்தவை.

எந்தெந்த அச்சு வேண்டும்? கடைக்காரர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். "வாடிக்கையாளர் கறி கேட்பார். காசாளர் விலை போட்டு ரசீது தருவார்." பெயர்ச்சொற்களுக்குக் கோடிட்டால் கிளாஸ்கள் தலைகாட்டும், வினைச்சொற்கள் அவற்றின் வேலைகள். நிரல் வடிவமைப்புக்கு இந்த வழியை 1983-ல் விளக்கி எழுதியவர் ரஸ்ஸல் அபாட். தமிழ்ப்பள்ளி இலக்கணம் எங்கே வந்து கைகொடுக்கிறது பாருங்கள்!

ஆனால் 'விலை' தனி கிளாஸ் அல்ல, ஒரு பண்பு. கறியோடு ஒட்டிவிடலாமா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கோழிக்கறி 7 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் 8 ஆக்கினால், பழைய ரசீதைத் திறந்தாலும் 8 என்றே காட்டும். கணக்குப்பிள்ளை தலையில் கை வைப்பார். ரசீதுக்கும் கறிக்கும் நடுவே 'ரசீது வரி' என்றொரு கிளாஸ் போட்டால், விற்ற அன்றைய விலை அங்கே பத்திரமாக இருக்கும்.

படம் சரியா என்று பார்க்க, 1989-ல் கென்ட் பெக்கும் வார்டு கன்னிங்ஹாமும் சொன்ன அட்டை முறை உண்டு. கிளாஸுக்கு ஓர் அட்டை. அதில் அதன் பொறுப்பு, அதன் கூட்டாளிகள். நாலு பேர் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு விற்பனையை நடித்துப் பார்க்கலாம். "போன மாத விலை என்ன?" என்று கேட்டு எந்த அட்டையும் வாய் திறக்காவிட்டால், அங்கே ஒரு கிளாஸ் விடுபட்டிருக்கிறது.