வாய்க்கால் நத்தையும் நீரின் உவரும்



வாய்க்காற் சேற்றிலும் குளத்தோரத்திலும் திருகாணிபோல் முறுகிய, ஏறக்குறைய ஓர் அங்குல நீளமுள்ள சிறு நத்தைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். இவை தியாரிடே என்னும் குடும்பத்து மெலனாய்டிஸ் நத்தைகள். பாசியும் மக்கிய இலைகளுமே இவற்றின் உணவு. நெற்பயிரை இவை நாசஞ் செய்வதில்லை. ஆதலால் நஞ்சிட்டுப் பணத்தையும் மீனையும் இழக்காதீர்கள். ஆணின்றியே பெண் நத்தை குஞ்சு ஈனுமாகையால், ஒன்று தப்பினும் மீண்டும் பெருகிவிடும்.

எனினும், நத்தை வாழும் நீர் பயிருக்கு உகந்த நீர் என்று எண்ணி ஏமாறாதீர்கள். இந்நத்தை நன்னீரிலும் வாழும்; கடனீரேரியை அடுத்த உவர்நீரிலும் வாழும். பயிருக்கோ அவ்வாற்றல் இல்லை. உவர்நீர் பாயப் பாய மண்ணில் உப்புச் சேரும். நீரூறிய மண்ணிலிருந்து வடித்த சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 டெசிசீமனைத் தாண்டினால் நெல் விளைவு குறையத் தொடங்கும், வெங்காயத்துக்கோ 1.2 ஐத் தாண்டினாலே குறையும்.

ஆகவே, கரையோரத்துக் கமக்காரர்கள் கிணற்று நீரையும் வாய்க்கால் நீரையும் சுத்தமான போத்தல்களில் எடுத்து, வயல் மண்ணுடன் விவசாயப் போதனாசிரியர் மூலம் சோதிப்பித்துக்கொள்ளுங்கள். மழை குன்றிய மாதங்களில் இது மிக அவசியம். நட்டபின் வருந்துவதிலும் நடுமுன் அறிவதே நலம்.