வெள்ளுடைக்கு முன் ஒரு கணக்கு
(மும்பை மகளிர் கூட்ட உரை)



பெண்ணை நர்ஸுக்குப் படிக்க வைக்கலாமா என்று தாராவியில் பல வீடுகளில் பேச்சு நடக்கிறது. தாராளமாக வைக்கலாம். ஆனால் ஏஜெண்டு சொல்லும் வெளிநாட்டுச் சம்பளத்தை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். ஜி.என்.எம். 3 ஆண்டு, பி.எஸ்ஸி. 4 ஆண்டு. முடித்ததும் நம் பெண்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் தனியார் ஆஸ்பத்திரி வேலைதான்.

உச்சநீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த மத்திய அரசுக் குழு 2016-இல் என்ன சொன்னது? 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது. 200 படுக்கைக்கு மேலென்றால் அரசு நர்ஸின் சம்பளத்தைத் தரவேண்டும் என்றது. பரிந்துரைதானே என்று எத்தனையோ முதலாளிகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை! கேரள நர்ஸுகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2018-இல் அங்கே 20,000 குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமாக அரசு உத்தரவாயிற்று.

கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். வேலையில் சேரும்போது அசல் சான்றிதழை ஒப்படைக்காதீர்கள். அதை வைத்தே பெண்ணைக் கட்டிப்போடுவார்கள். இரவு டியூட்டி உண்டு, மலஜலம் எடுக்கவேண்டும். மனமிருக்கிறதா என்று அவளையே கேளுங்கள். மாமனையும் சித்தப்பனையும் அப்புறம் கேட்கலாம்.

விண்ணப்பத்தோடு ஞாயிறு மாலை சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.