வீழ்ச்சிக்கு யார் பொறுப்பு?



பொருளாதார வீழ்ச்சிக்கு அரசியல் தலைமை எவ்வளவு பொறுப்பு என்று கேட்டால், நம் துறையினர் வழக்கமாக மழுப்பித்தான் பதில் சொல்வோம். 2023 நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம் மழுப்பவில்லை. கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ச மூவரும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவரும், வேறு சில உயர் அதிகாரிகளும் மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று ஐந்து நீதியரசர்களில் நால்வர் தீர்ப்பளித்தார்கள்.

தீர்ப்பை வரவேற்கிறேன். ஆனால் ஆய்வாளருக்கு அது போதாது. எந்த மாதத்தில் என்ன தெரிந்திருந்தது, தெரிந்தபின் எத்தனை மாதம் சும்மா போனது என்ற கணக்கு நமக்கு வேண்டும்.

2019 இறுதியில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது, தேர்தல் வாக்குறுதி. சில மாதங்களில் கொரோனா வந்து சுற்றுலா படுத்தது. அப்போதாவது வரியை உயர்த்தியிருக்கலாம். 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. ஆண்டு இறுதியில் அதை விலக்கியபோது பெரும்போகத்துக்குக் காலம் பிந்திவிட்டது.

இவற்றைவிட ரூபாய் விவகாரமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. டொலருக்கு 200 சொச்சம் ரூபாய் என்று 2022 மார்ச் வரை மத்திய வங்கி பிடித்து வைத்திருந்தது. வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் உண்டியல்காரர் அதற்கு மேல் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய காசு வங்கிப் பக்கம் வராமல் போனது. 2020இல் 710 கோடி டொலராக இருந்த வரவு மறு ஆண்டு 550 கோடிக்கு இறங்கியது. இந்த நிலைமையிலும் 2022 ஜனவரியில் 50 கோடி டொலர் பிணைமுறிக் கடனைத் தவணை தப்பாமல் கட்டினார்கள். ஏப்ரலில் கடன் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். சர்வதேச நாணய நிதியத்திடம் போவதா வேண்டாமா என்ற வாதத்திலேயே 2021 கழிந்திருந்தது.

2020 ஒக்டோபரில் வந்த அரசியலமைப்பின் 20ஆம் திருத்தம் அதிகாரத்தை ஜனாதிபதியின் கையில் குவித்தது. யோசனை சொல்பவர்கள் இருந்தார்கள், இந்தத் தவறுகளைத் தடுக்கக்கூடியவர்கள் இல்லை.

சர்வதேசப் பிணைமுறிக் கடனோ 2007இல் தொடங்கி, 2015க்குப் பின் வந்த ஆட்சியிலும் பெருகியதுதான். எல்லாவற்றையும் ஒரு குடும்பத்தின் தலையில் கட்டுவது தேர்தல் மேடைக்குச் சரி, இந்த மேடைக்கு ஒத்துவராது.

வீழ்ச்சிக்குத் தலைமை பொறுப்பென்றால் மீட்சிக்கும் அதுதானே பொறுப்பு என்ற மறுபக்கமும் உண்டு. 2022இல் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கிய பொருளாதாரம் 2024இல் 5 சதவீதம் வளர்ந்தது. ஆனால் அந்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில், வீழ்ச்சிக்குப் பின் ஜனாதிபதியான ரணில் விக்கிரமசிங்க 17 சதவீத வாக்கோடு மூன்றாமிடம். ஐந்து ஆண்டுக்கு முன் 3 சதவீதம் பெற்ற அநுர குமார திசாநாயக்க 42 சதவீதம் பெற்று வென்றார். பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியபோது ஏறிய விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்பது ஒரு காரணம். அதே தேர்தலில் வடக்கும் கிழக்கும் எதிர்க்கட்சித் தலைவராயிருந்த சஜித் பிரேமதாசவுக்குக் கூடுதலாக வாக்களித்தன. ஒரே வரிசையில் எரிபொருளுக்கு நின்ற மக்கள் தலைமையை ஏன் இப்படி வெவ்வேறு விதமாக எடைபோட்டார்கள் என்பதை, முதல் அமர்வில் கட்டுரை படிக்கும் நண்பர்கள் எடுத்துப் பேச வேண்டுகிறேன்.