கூண்டை முதலில் வாங்குங்கள்



பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகள் கினிப் பன்றி கேட்டு அடம்பிடிக்கிறார்கள். வாங்கித் தரும் பெற்றோர் முதலில் யோசிக்க வேண்டியது கூண்டைப் பற்றித்தான்.

இந்தப் பிராணியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. குளிருக்குப் பழகிய உடல் அது. ஜொகூர் பாருவிலோ மதிய வெப்பம் 31, 32 டிகிரியைத் தொடுகிறது. வெயில் படும் பால்கனியில் கூண்டை வைத்தால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடலாம். வீட்டுக்குள், காற்றோட்டமான நிழலில் வையுங்கள்.

கம்பித் தரை கூடாது, பாதம் புண்ணாகும். தனியாக வளர்த்தால் ஏங்கிப் போகும் என்பதால், ஒரே பாலில் இரண்டு வாங்குவது நல்லது. இரண்டுக்கும் சேர்த்து ஏழரைச் சதுர அடியாவது வேண்டும். ஒளிந்துகொள்ள ஆளுக்கொரு அட்டைப்பெட்டி போதும்.

மூவார், தளவாடத் தொழிலுக்குப் பேர்போன ஊர். மரத்தூள் சும்மா கிடைக்கிறதே என்று பட்டறையிலிருந்து அள்ளி வந்து பரப்பாதீர்கள். அதில் பசையும் சாயமும் கலந்திருக்கலாம்; நுண்ணிய தூசி நுரையீரலைக் கெடுக்கும். காகிதத் துகள் படுக்கையே பாதுகாப்பானது. நம் ஈரக் காற்றில் சிறுநீர் நெடி சீக்கிரம் ஏறும். எனவே, நனைந்த பகுதியைத் தினமும் அகற்றுங்கள். மேலே உலர்புல் எப்போதும் இருக்கட்டும். அதுவே அதன் முக்கிய உணவு.

2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, வளர்க்கும் பிராணிக்குத் தகுந்த இடம் தருவது உரிமையாளரின் கடமை. அதற்கு வசதியில்லையென்றால், வாங்காமல் இருப்பதும் ஜீவகாருண்யமே.